வால் இல்லாத திருக்கைக்கு என்ன பேர்?

திருக்கை வலையில் ஏறினால் முதல் வெட்டு வாலுக்குத்தான். படகில் காலை மாற்றி வைக்க இடம் இருக்காது. ஈரப் பலகையில் கிடந்து புரளும் மீனின் வால்முள் யார் காலில் வேண்டுமானாலும் இறங்கலாம். ஆகவே அரிவாளால் ஒரே போடு, வால் கடலுக்குப் போய்விடும். வலைக்காரரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் கரையில் நின்று, இது எந்தத் திருக்கை என்று பேர் கண்டுபிடிக்க நினைப்பவனுக்கு அந்த ஒரு போடு பெரிய நஷ்டம். திருக்கைகளைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் பாதி அந்த வாலோடு போய்விடுகிறது.

குளத்தூர் டீக்கடையில் உட்கார்ந்து இதைப் பேசுவது வெளியூர்க்காரருக்கு வேடிக்கையாக இருக்கலாம். விளாத்திகுளம் வட்டத்துக் கரிசல் ஊர் இது. சுற்றிலும் மல்லி, மிளகாய், உளுந்து, கம்பு. மழை பெய்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும் மண். பெஞ்சில் இருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் கிழக்கே கீழவைப்பாரும் சிப்பிகுளமும், வடகிழக்கே வேம்பாரும், தெற்கே தருவைக்குளமும் மீன் இறங்கும் ஊர்கள். அங்கே காலையில் இறங்கியது கூடையிலும் பைக்கின் பின்பெட்டியிலும் இங்கே வந்துவிடும். கரிசல்காரருக்குத் திருக்கை புதிது கிடையாது. ஆனால் பழக்கமெல்லாம் துண்டாக, கருவாடாக, புட்டாகத்தான். முழு மீனை மல்லாத்திப் போட்டுப் பார்த்தவர்கள் குறைச்சல்.

என் மச்சினன் மல்லி போடுகிற சம்சாரி. கடைக்கு முன்னால் இறக்கி வைத்த கூடையில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு மீன் கிடந்தது. செம்பழுப்பு நிறம், மேலே அங்கங்கே வெளிறிய நீலப் புள்ளிகள். அதிசயமாக வாலும் முழுசாக இருந்தது.

“புள்ளித் திருக்கத்தான்” என்று தீர்ப்புச் சொன்னான்.

“எந்தப் புள்ளித் திருக்கை, மாப்ளே?”

“அதுல வேற எத்தன கெடக்கு?”

இன்னொரு டீ சொல்ல வேண்டியதாயிற்று. 2016-இல் ஆஸ்திரேலியாவில், உலகத்துத் திருக்கைகளை எல்லாம் படத்தோடு தொகுத்து ஒரு தலையணை கனத்துக்குப் புத்தகம் போட்டார்கள். அதில் 600-க்கு மேற்பட்ட இனங்கள். அவற்றில் புள்ளி உள்ளவை மட்டும் எத்தனையோ வரும். வெள்ளைப் புள்ளி, நீலப் புள்ளி, கரும்புள்ளி, குட்டியில் புள்ளியாக இருந்து பெரிதானதும் வலைக்கண்ணியாக மாறுகிற புள்ளி. ஆளை அடையாளம் சொல்லச் சட்டை நிறத்தை மட்டும் சொன்னால் தேறுமா? புள்ளியைக் கடைசியில் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பார்க்க நிறைய இருக்கிறது.

முதலில் மீனை மல்லாத்த வேண்டும். வெள்ளை அடிப்பக்கத்தில் வாய்க்குப் பின்னால், பக்கத்துக்கு ஐந்தாக, செவுள் கீறல்கள் தெரியும். கீறல் அடியில் இருந்தால் திருக்கை. உடம்பின் பக்கவாட்டில் இருந்தால் சுறா. இரண்டும் எலும்பில்லாத குருத்தெலும்புக் குலம், பங்காளிகள். மணலில் படுத்துக் கிடக்கிற மீன் அடியில் இருக்கிற வாயால் தண்ணீர் குடித்தால் மணலும் சேர்ந்து போகும். அதனால் கண்ணுக்குப் பின்னால் மேல்பக்கம் இரண்டு துளை இருக்கிறது. தண்ணீர் அது வழியாக உள்ளே போய், அடியில் இருக்கிற செவுளால் வெளியே வரும். வாயைச் சுற்றி ஊசி குத்தினாற்போல் நுண்துளைகளும் தென்படும். மணலுக்குள் புதைந்திருக்கிற இறாலும் நண்டும் விடுகிற மிக மெல்லிய மின்சாரத்தை உணரும் கருவிகள் அவை. இத்தாலியரான லொரென்சீனி 1678-லேயே அவற்றைப் பார்த்து எழுதி வைத்தார். என்ன வேலைக்கு என்று தெரிய அதன் பிறகு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு ஆயிற்று.

இந்தச் செவுள் விதி சின்ன விஷயமாகத் தோன்றும். பெரிய வழக்கை எல்லாம் தீர்த்துவிடும். நீண்ட மூக்கில் இருபக்கமும் பல் வைத்த வேளா மீனைப் பார்த்தால் எவரும் சுறா என்றுதான் சொல்வார்கள். பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதாக வருவது இந்த வேளாவின் கொம்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது பலர் கருத்து. மல்லாத்திப் பார்த்தால் வேளாவின் செவுள் அடியில் இருக்கிறது. அது திருக்கைக் கூட்டம். நம் கடலில் இப்போது அதைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது, அது தனிக் கதை.

அடுத்தது உடம்பின் வடிவம். தலையும் நெஞ்சுத் துடுப்பும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தட்டாக இருக்கும். அந்தத் தட்டு வட்டமா, முட்டை வடிவமா, நான்கு மூலை தெரிகிற சாய்சதுரமா என்று பார்க்க வேண்டும். கூடையில் கிடந்தது சாய்சதுரம். மூக்கு மழுங்கல், இரண்டு பக்க மூலையும் தெளிவு. நீளத்தைவிட அகலம் இரண்டு மடங்கு இருந்து வால் குச்சியாக இருந்தால் அது ஜிம்னூரா வகை, இதோடு சேராது. தலை தட்டைவிட்டு முன்னால் தனியாக நீட்டிக்கொண்டு, கண்கள் பக்கவாட்டில் இருந்தால், பக்கத்துடுப்பை இறக்கையாக அடித்து நீந்துகிற குருவித் திருக்கைக் கூட்டம். அதற்கும் முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி உண்டு. புள்ளியை மட்டும் பார்ப்பவர் இங்கேயே வழுக்கி விழுவார்.

இனி வாலுக்கு வரலாம்.

வாலின் முன்பாதியில், மேல்பக்கத்தில் முள் இருக்கும். ஒன்றோ இரண்டோ. இரண்டு விளிம்பும் பனை மட்டைக் கருக்கு மாதிரி பின்னோக்கிய பல்லோடு இருப்பதால், இறங்கும்போது சுலபமாக இறங்கி, இழுக்கும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். அந்த முள் எலும்பு கிடையாது. சுறா, திருக்கையின் தோலில் இருக்கிற நுண்செதில்தான் மாறி இப்படி வளர்ந்திருக்கிறது. முள்ளின் அடிப்பக்கத்து இரண்டு பள்ளங்களில் நஞ்சுள்ள திசு ஓடும். மேலே மெல்லிய தோலுறை. குத்தும்போது உறை கிழிந்து நஞ்சு காயத்தில் இறங்கும்.

“வேம்பாருல கால் நனைக்கப் போனா குத்திருமோ, அத்தான்?”

தேடி வந்து குத்தாது. மணலைப் போர்த்திக்கொண்டு ஆழமில்லாத தண்ணீரில் படுத்திருக்கும். நாம் மேலே மிதித்தால்தான் வாலைத் தூக்கும். அதனால் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலில் உரசித் தேய்த்துக்கொண்டே நடந்தால் அதிர்வு தெரிந்து அதுவே விலகிப் போகும். குத்திவிட்டால் வெந்நீர்தான் முதல் மருந்து. அந்த நஞ்சு புரதம், சூட்டில் வலுவிழக்கும். 45 டிகிரிக்கு மேல் போகாமல், பொறுக்கிற சூட்டில் அரைமணி, ஒரு மணி நேரம் காலை வைத்திருந்தால் வலி அடங்கும். வலியில் கால் மரத்துப்போய்ச் சூடு தெரியாமல் வெந்து போவதும் உண்டு, ஆகவே பக்கத்தில் இருப்பவர் தன் கையை விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி, ரண ஜன்னிக்கு ஊசி. நெஞ்சிலோ வயிற்றிலோ ஏறிய முள்ளைப் பிடுங்கவே கூடாது, அப்படியே கொண்டு போக வேண்டும். 2006-இல் ஆஸ்திரேலியாவில் முதலைக்காரர் ஸ்டீவ் இர்வின் இறந்தது நெஞ்சில் குத்து வாங்கித்தான். அது பெரிய திருக்கை. அப்படி ஆவது அபூர்வம்.

பேர் கண்டுபிடிக்க முள் அவ்வளவாக உதவாது, ஏனென்றால் குலத்தில் பலருக்கும் அது உண்டு. உதவுவது முள்ளுக்குப் பின்னால் இருப்பது. வாலின் மேலேயும் கீழேயும் தோல் நெடுக எழும்பி மடிப்பாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாட்டைவால் திருக்கைகளுக்கு மடிப்பே கிடையாது; உருண்டு, மெலிந்து, உடம்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளம் ஓடும். அடவாலன் திருக்கைக்கு வாலின் அடியில் மட்டும் அகன்ற கரிய மடிப்பு தொங்கும், தூரத்தில் இருந்தே தெரியும். கூடையில் கிடந்ததற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் குட்டையான மடிப்பு. மடிப்பு முடிந்த பிறகு வால்நுனி வரை கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள்.

இந்த இரண்டு மடிப்பும் பட்டையும் சேர்ந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மிச்சத்தை முகம் சொல்லிவிடும். ஒரு கண்ணில் தொடங்கி நெற்றி வழியாக மறுகண் வரைக்கும் கருமையான பட்டை குறுக்கே ஓடும்; கண்ணைக் கட்டின மாதிரி. ஆங்கிலத்தில் இந்தக் கூட்டத்துக்கு மாஸ்க் ரே என்று பேர். முகமூடித் திருக்கை என்று நாமும் சொல்லிக்கொள்ளலாம். பிடரியில், நடுமுதுகுக் கோட்டில், சின்னச் சின்ன முள்மொட்டுகள் ஒரே வரிசை. விரலால் தடவினால் மற்ற இடமெல்லாம் வழுவழு, அந்தக் கோட்டில் மட்டும் உறுத்தும். அளவும் சிறிசுதான், அகலம் ஒன்றரை அடியைத் தாண்டாது.

“இப்ப புள்ளியப் பாக்கலாமா?” என்றான் மச்சினன், பொறுமை போய்.

பார்க்கலாம். நீலம், ஓரம் சற்றுக் கறுத்து, அளவு ஒன்றுபோல் இல்லாமல் சிதறிக் கிடக்கிறது. உயிரோடு இருக்கும்போது எடுப்பாக இருக்கும். ஐஸில் ஒரு நாள் கிடந்தால் வெளிறி, இருக்கிறதா இல்லையா என்று ஆகிவிடும். இணையத்தில் நீலப்புள்ளித் திருக்கை என்று தேடினால் முதலில் வந்து நிற்பது இதுவாக இருக்காது. மின்னுகிற நீலத்தோடு, முட்டை வடிவத் தட்டோடு, வாலின் இருபுறமும் நீலக் கோடு இழுத்த இன்னொன்று வரும். அதன் பேர் டேனியூரா லிம்மா. 1775-இல் வெளியான, ஃபோர்ஸ்கோல் என்பவரின் நூலில், செங்கடல் மீன்களோடு அது முதலில் பேர் பெற்றது. பவளப்பாறை இடுக்கில் வாழ்கிற மீன். கண்ணைச் சுற்றிக் கட்டு கிடையாது, வாலில் கறுப்பு வெள்ளைப் பட்டை கிடையாது, அடிமடிப்பு வால்நுனி வரை போகும். அந்த நீலம் சாயமே இல்லை, தோலுக்குள் இருக்கிற நுண்மணிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது என்று 2024-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அழகில் அதுதான் ராணி. நம் பக்கத்துக் கூடையில் வருவது முகமூடிக்காரன்.

மன்னார் வளைகுடாவுக்கு ஏற்ற மீன் இது. தூத்துக்குடியில் இருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பகுதி. வேம்பாருக்கு எதிரே நல்லதண்ணித் தீவும் உப்புத்தண்ணித் தீவும். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை, கடற்புல், நடுவில் மணல்திட்டு. ஆழமில்லாத அந்த மணலில் இறால், நண்டு, புழு தின்று வாழும். முட்டையிடாது, ஒன்றிரண்டு குட்டி போடும். இழுவை மடியிலும் கரைப்பக்கத்து வலையிலும் சேர்ந்து வந்துவிடும். பெரிய திருக்கைக்கென்றே பெரிய கண்ணியோடு போடுகிற திருக்கை வலையில் இது தப்பிவிடும்.

சரி, பேர் என்ன? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் யாரிடம் கேட்டிருந்தாலும் ஒரே பதில் வந்திருக்கும்: கூலியை. முதலில் டாஸியாடிஸ் கூலியை. 2008-இல் பேரினம் பிரித்ததும் நியோட்ரைகான் கூலியை. நம் மீன்வளப் பதிவுகளில் எல்லாம் அந்தப் பேர்தான். ஆப்பிரிக்கக் கரையில் இருந்து பசிபிக் தீவுகள் வரை ஒரே மீன் என்று எண்ணியிருந்தார்கள்.

அந்தப் பேருக்கு உரியவர் ஹைன்ரிஷ் கூல் என்ற ஜெர்மன் இளைஞர். ஜாவாவுக்குப் போய் மீனும் பறவையும் சேகரித்து, அங்கேயே 1821-இல் இறந்துபோனார், வயது 23. இருபது வருஷம் கழித்து, 1841-இல், பெர்லினில் யோஹன்னஸ் முல்லரும் யாக்கோப் ஹென்லேயும் சுறா, திருக்கை பற்றிய தங்கள் பெரிய நூலில் இந்தப் புள்ளி மீனுக்கு அவர் பேரை வைத்தார்கள். இந்த ஹென்லே, மேல்நிலைப் பள்ளி விலங்கியலில் சிறுநீரகப் படம் வரைகிறபோது வருகிற ஹென்லே வளைவுக்கு உரிய அதே ஆள்தான். மதிப்பெண்ணுக்காக அவரை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு அவர் திருக்கைக்கும் பேர் வைத்தவர் என்று யாரும் சொல்வதில்லை.

பிறகு மரபணு வந்தது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் 2003-இல் ஒரு யோசனை சொன்னார்: விலங்குகளில் இருக்கிற சி.ஓ.1 என்ற மரபணுவில் ஏறக்குறைய 650 எழுத்துத் துண்டை மட்டும் படித்தால், கடைச் சாமானில் இருக்கிற பார்கோடாக அதை வைத்து இனத்தைச் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவில் பாப் வார்டு என்பவர் இதை மீன்களுக்குச் செய்து காட்டினார். முகமூடித் திருக்கையில் செய்து பார்த்தபோது ஊருக்கு ஊர் எழுத்து வேறாக இருந்தது. ஒன்றாக எண்ணியிருந்தது ஒரு கூட்டமாக உடைந்தது. 2016-இல் மீன் ஆய்வாளர் பீட்டர் லாஸ்டும் அவர் தோழர்களும், கூலியை என்ற பேரைத் தென் பசிபிக்கில் சாலமன் தீவுகளைச் சேர்ந்த வானிகோரோப் பக்கத்து மீனுக்கு மட்டும் நிறுத்தினார்கள். மற்றவைக்கெல்லாம் வேறு பேர். சுமத்ரா பக்கத்து ஒன்று அந்த பாப் வார்டு பேரையே பாப்வார்டி என்று சுமந்துகொண்டிருக்கிறது.

நம் பக்கத்து மீனுக்கு 2018-இல் பேர் கிடைத்தது. மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தின் பவன்குமாரும் பிரான்சின் பிலிப் போர்சாவும் இன்னும் சிலரும் சேர்ந்து வைத்த பேர் நியோட்ரைகான் இண்டிகா. நூற்றாண்டுக் கணக்காக நம் கூடையில் கிடந்த மீன், அறிவியலுக்கு நேற்றுதான் பிறந்தது.

கூலுக்காக வருத்தப்பட வேண்டாம். ஒரு கணக்கில் இழந்ததை இன்னொரு கணக்கில் பெற்றுவிட்டார். மேலே சொன்ன வெள்ளைப்புள்ளிக் குருவித் திருக்கையை நெடுநாளாக ஏட்டோபேட்டஸ் நரிநரி என்று எழுதிவந்தார்கள். அது அட்லாண்டிக் மீனின் பேர். நம் பக்கத்தது வேறு என்று 2010-இல் பிரித்தபோது, இதற்குப் பழைய பேர் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள். 1823-லேயே ஒசெல்லேட்டஸ் என்று ஒரு பேர் பதிவாகியிருந்தது. இறப்பதற்கு முன் அதை வைத்தவர் கூல்.

“பேர மாத்துனா மீனு மாறிருமா, அத்தான்?”

நியாயமான கேள்வி. மீன் மாறாது, கணக்கு மாறும். ஒரு மீன் ஆப்பிரிக்காவில் இருந்து பசிபிக் வரை கிடக்கிறது என்றால், ஒரு கரையில் அற்றுப்போனாலும் மற்ற கரையில் இருக்கும் என்று தைரியமாக இருக்கலாம். அது பல இனம், ஒவ்வொன்றும் ஒரு கடல்துண்டில் மட்டும் என்று ஆனபின், ஒரு கரையில் அற்றுப்போனால் அதற்கு மாற்று வேறெங்கும் இல்லை. 2021-இல் வந்த உலகக் கணக்குப்படி சுறா, திருக்கைக் குலத்தில் மூன்றில் ஒரு பங்கு அழிவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கில் முட்டை போடுகிற சாளையையும், ஒன்றிரண்டு குட்டி போடுகிற திருக்கையையும் ஒரே வலைக்கணக்கில் எழுத முடியாது. பழைய பதிவுகளில் கூலியை என்று எழுதிய இடமெல்லாம் இண்டிகா என்று திருத்திக்கொள்ளலாமா என்றால், எனக்கு அதில் முழுத் தைரியம் இல்லை. வெறும் புள்ளியைப் பார்த்து எழுதிய பேர்களும் அவற்றில் கலந்திருக்கும். படமோ மாதிரியோ இல்லாத பதிவை இனித் திருத்தவும் வழியில்லை.

வால் போன மீனுக்கு வருகிறேன். சின்ன முகமூடிக்காரன் வால் போனாலும் மாட்டிக்கொள்வான்: சாய்சதுரத் தட்டு, கண்கட்டு, பிடரியில் ஒற்றை முள்வரிசை, மற்ற இடம் வழுவழு. இது நான்கும் இருந்தால் போதும். இண்டிகாவை அதன் நெருங்கிய சொந்தங்களில் இருந்து பிரிப்பதுதான் கடினம். அதற்குப் புள்ளிகளின் எண்ணிக்கையையும் அளவையும் பார்த்து, மரபணுவையும் படிக்க வேண்டும். நம் கரையில் நின்று பார்ப்பவருக்கு அந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

உண்மையான தலைவலி சாட்டைவால் கூட்டம்தான். ஹிமான்டுரா என்கிற பெரியவை ஒரு மீட்டருக்கு மேல் அகலம் போகும். முதுகில் சிறுத்தைப் புள்ளியோ தேன்கூட்டு வலையோ இருக்கும். லியோபார்டா, உண்டுலாட்டா, உவர்னாக் என்று மூன்று நான்கு பேர் அங்கே சுற்றுகிறது. குட்டியில் ஒன்றின் புள்ளி இன்னொன்றின் புள்ளியாகத் தெரியும். வளர வளர வளையமாகும், வளையம் உடைந்து வலையாகும். லியோபார்டாவைத் தனி இனம் என்று பிரித்ததே 2008-இல்தான். மேக்குலாபேட்டிஸ் வகைக்கு வெள்ளைப் பொட்டு. அதை வாலில் இருக்கிற பட்டையை வைத்துத்தான் சட்டென்று சொல்ல முடியும், அந்த வால்தான் வந்து சேராது. அப்போது நடுமுதுகில் இருக்கிற செதில்பட்டை எவ்வளவு அகலம், எங்கே தொடங்குகிறது, வாய்க்குள் அடித்தாடையில் எத்தனை தசைமுளை என்று உட்கார்ந்து எண்ண வேண்டும். ஏலம் போய்க்கொண்டிருக்கும்போது மீனின் வாயைப் பிளந்து எண்ணிக்கொண்டிருந்தால் நம்மைத் தள்ளிவிட்டுத்தான் போவார்கள்.

இப்போது எல்லார் கையிலும் ஃபோன் இருக்கிறது. தெரிந்த படகுக்காரர் இருந்தால், வெட்டுமுன் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லலாம். மேலிருந்து முழு உடம்பு, மல்லாத்தி அடிப்பக்கம், முகம் கிட்டத்தில், வால் நுனி வரை பக்கவாட்டில். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் கிடந்தால் அளவு தெரியும். சாய்வாக எடுத்த ஒரே படத்தை அனுப்பி இது என்ன என்று கேட்பவர்களுக்கு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

பேர் தெரிந்தே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. முதுகெல்லாம் தடித்த முள் பாய்ந்து, தொடவே முடியாமல், ஆனால் வாலில் மட்டும் கொட்டுகிற முள் இல்லாமல் ஒரு திருக்கை வந்தால் அது யூரோஜிம்னஸ் ஆஸ்பெர்ரிமஸ். முன்னாளில் வாள்பிடிக்கும் கேடயத்துக்கும் அதன் தோலைப் போர்த்தியிருக்கிறார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்த்தார்கள். வேளாவும் அதே சமயம் சேர்ந்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும். பிடிப்பதும் விற்பதும் குற்றம். கூடைக்காரரும் வலைக்காரரும் தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றால் இந்த இரண்டையுமாவது படம் போட்டு ஏலக்கூடத்தில் ஒட்டி வைக்கலாம்.

மச்சினன் மீனை வாங்கிவிட்டான். வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், புட்டுக்கு என்றான். அவிந்ததும் தோலை உரித்து, சதையை உதிர்த்துப் பிழிந்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு கிளறினால் அதன் பிறகு அது இண்டிகாவா, சாட்டைவாலா, குட்டிச் சுறாவா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியாது.

“அப்ப புட்டுக்கு எந்தத் திருக்க நல்லது?”

மோந்து பார்த்து வாங்கச் சொன்னேன். திருக்கையின் ரத்தத்திலும் சதையிலும் யூரியா நிறைய இருக்கும். உப்புக் கடல் உடம்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளாமல் இருக்க, மற்ற மீன்கள் கழித்துவிடுகிற யூரியாவை இந்தக் குலம் சேர்த்து வைத்துக்கொள்கிறது. செத்த பிறகு நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக மாற்றும். கண்ணைக் கரிக்கிற அந்த நெடி அதுதான். இனம் எதுவானாலும் நெடி ஏறாதது நல்ல திருக்கை.